சாமிகள் கொட்டகைக்குக் குடிபோன நாள்

நாவோ சேருக்கு மழைமேல் கோபம் வந்ததே இல்லை. ஆஸ்திரேலியாவில் இன்னிஸ்ஃபெயில் பக்கம் வாழை வைத்துப் பிழைக்கிறவன் மழையைக் கோபித்துக்கொண்டால் வருஷத்தில் பாதி நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான். தார் வெட்டித் தோளில் போடும்போது அதில் தேங்கிய தண்ணீர் முதுகு வழியாக இறங்கும். பால்கறை ஏறிய சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் பழகிப்போன சங்கதி. அன்றைக்கு மட்டும் கோபம் வந்தது.

காலையில் மருமகன் கெர், "டீசல் வாங்கிட்டு வந்துர்றேன் மாமா" என்று வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனபோது ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான் ஓடியது. நாவோ சேர் கொட்டகையில் நின்று சீப்புகளைக் கழுவிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மலைமேல் எங்கோ கொட்டிய மழை இங்கே வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. முதலில் தரைப்பாலம் மறைந்தது. பிறகு ஆழம் காட்டுவதற்காகப் பாலத்தோரம் நட்டிருந்த கம்பத்தின் தலை மட்டும் தெரிந்தது. ஓடை காப்பி நிறத்தில், யாரோ ஒருவரின் வாழை மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு போனது.

மனைவி சியா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வீட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"இந்தாருங்க, அந்தப் பம்ப நிப்பாட்டுங்க. பேசுறது ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

நிறுத்தினார்.

"யூவாவுக்கு இடுப்பு வலிக்குதாம்."

"காலையில வாளிய தூக்காதன்னு சொன்னேன். கேட்டாளா?"

"இது வாளி தூக்குன வலி இல்ல. நாலு பெத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

"அடுத்த மாசம்தானே சொன்னாங்க."

"புள்ளைக்கு அது தெரியலையே."

யூவா அவர்களுடைய மூத்த மகள். தாவோ குலத்தில் பிறந்து, மோவா குலத்தில் வாழ்க்கைப்பட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் புருஷனோடும் மாமனாரோடும் இருக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் சுடுசோறும் மூலிகைக் கோழிச்சாறும்தான் சாப்பாடு. அந்த மூலிகைச் செடிகளை சியா பழைய பெயின்ட் வாளிகளில் வளர்த்திருந்தாள். அவற்றை வாங்கிப் போகத்தான் முந்தின நாள் புருஷனோடு வந்தாள். மழை பெய்கிறதே, ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போகலாம் என்று பெற்றவளே பிடித்து வைத்துக்கொண்டாள்.

நாவோ சேர் ஓடையைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார். ஓடையைவிட வீடுதான் அவரைப் பயமுறுத்தியது.

பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிற ஜனங்களுக்கு இது விளங்குவது கஷ்டம். நாவோ சேர் மாதிரி லாவோஸ் மலையிலிருந்து வந்த மோங் ஆட்களிடம் சங்கதி தலைகீழ். கல்யாணம் ஆன அன்றே பெண் புருஷன் வீட்டுச் சாமிகளுக்குச் சொந்தமாகிவிடுகிறாள். பிறந்த வீட்டில் அவள் சாப்பிடலாம், தூங்கலாம், சண்டை போடலாம். பிள்ளை மட்டும் பெறக் கூடாது. அந்நியக் குலத்து ரத்தம் தரையில் பட்டால் வீட்டுச் சாமிகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைவிட மோசம், பிறக்கிற பிள்ளையை இந்தப் பக்கத்துச் சாமிக்கும் தெரியாது, அந்தப் பக்கத்துச் சாமிக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத பிள்ளையை நோய்நொடியிலிருந்து யார் காப்பாற்றுவது?

"ஆஸ்பத்திரிக்கு?" என்றார்.

"அவளே பேசிட்டா. மேகம் கீழ எறங்கிக் கெடக்குதாம், ஹெலிகாப்டர் பறக்காதாம். படகு வருமாம், ஆனா கீழ்ப்பக்கம் கூரை மேல ஏறி நிக்கிற ஜனங்கள எறக்கிட்டுத்தான் வருமாம். அதுவரைக்கும் ஒரு நர்ஸம்மா போன்ல சொல்லித் தருவாங்களாம்."

"படகு வர்றதுக்குள்ள ஆயிருமா?"

"ஆயிரும்."

நாவோ சேர் துடைப்பத்தை எடுத்துக் கொட்டகையைக் கூட்ட ஆரம்பித்தார். பெட்டிகளை ஒரு மூலைக்குத் தள்ளினார். மரச்சட்டங்களைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் அட்டைகளை விரித்தார். சாரல் அடிக்கிற பக்கம் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். பதறும்போது அவர் கை இரண்டு மடங்கு வேலை செய்யும்.

வீடு தூண்களின் மேல் நிற்கிற பழைய மரவீடு. முன்தாழ்வாரத்தில் வந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, யூவா இதையெல்லாம் பார்த்தாள்.

"அப்பா, அங்க என்ன பண்றீங்க?"

"எடம் ஒதுக்குறேன் தாயி. தார்ப்பாய் கட்டிட்டா காத்து வராது. வீடு மாதிரியே இருக்கும்."

"வீடு மாதிரின்னா வீடு இல்லைன்னு அர்த்தம். பழம் கழுவுற எடத்துல நான் படுக்க மாட்டேன். நேத்துதான் அங்க பாம்பு கெடந்துச்சுன்னு சொன்னீங்க."

"அது மலைப்பாம்பு. வெஷம் கெடையாது."

"அப்ப அதையே வந்து பெத்துக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவள் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். வலி போனதும் நிமிர்ந்து, முன்னைவிடத் தணிந்த குரலில், "எனக்கு பயமா இருக்குப்பா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் நாவோ சேர் கையிலிருந்த கயிறு நழுவிவிட்டது.

அவருக்கு ஒரு அக்கா இருந்தாள். பா என்று பெயர். லாவோஸ் மலையில், நெல் அறுப்புக்குக் கைகொடுக்கப் பிறந்த வீட்டுக்கு வந்த இடத்தில் அவளுக்கும் இப்படித்தான் முன்கூட்டியே வலி கண்டது. அப்பா பன்றிப்பட்டிக்குப் பின்னால் ஒரு குடிசை போட்டார். அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. அடுப்பில் காட்டிக் காட்டி உலர்ந்த வைக்கோலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்தார். கூரை ஒழுகிய இடத்தில், அக்காவின் முகத்துக்கு மேலே, நாவோ சேர் வாழை இலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை கடுத்தாலும் இறக்கவில்லை. அக்காவும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. வீட்டுச் சாமிகள் மட்டும் உள்ளே நனையாமல் இருந்தன. அப்பா அதற்குப் பிறகு அந்த இடத்தில் எதையும் நடவில்லை.

நாவோ சேர் தார்ப்பாயைப் பார்த்தார். அதில் ஏற்கெனவே ஒரு கிழிசல் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சியா" என்றார். "அவ எங்கயும் வர வேண்டாம். நாம வெளிய வந்துருவோம்."

"நாம வர்றது இருக்கட்டும். சாமி?"

"சாமியையும் கூட்டிக்கிட்டுத்தான்."

சியா சாக்கைத் தலையிலிருந்து எடுத்தாள். அவரைப் புதிதாகப் பார்க்கிறவள்போலப் பார்த்தாள்.

"சாமிய இங்கயா? வாழைக் கொட்டகைக்கா?"

"ஏன், நாம மூட்டை கட்டுனப்பல்லாம் கூட வரலையா? மலைய விட்டு எறங்குனப்ப வந்துச்சு. ஆத்தத் தாண்டுனப்ப வந்துச்சு. தாய்லாந்து முகாம்ல தகரக் கொட்டாய்ல அத்தன வருஷம் இருந்துச்சு. இந்த நாட்டுக்கு வந்து தெக்க ஹோபார்ட்ல குளிர்ல நடுங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. இந்தா இருக்கு, நாலு எட்டு. வர மாட்டேன்னா சொல்லிரும்?"

"அது சரி. ஆனா சாமி இல்லாத வீட்டுல புள்ள பெத்தா அது இன்னும் மோசம்ல. காலி வீடு காடு மாதிரி. கண்டதும் நொழையும்."

"அதுக்குத்தான் போறேன்" என்றார் நாவோ சேர். எங்கே என்று சொல்லாமல் ஓடையைப் பார்த்து மழையில் நடந்தார்.

ஓடைக்கு அந்தக் கரையில் இரண்டு வண்டிகள் நின்றிருந்தன. ஒன்றின் பக்கத்தில் கெர் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கியும் ஏறியும் தவித்துக்கொண்டிருந்தான். இன்னொன்றின் கதவைத் திறந்து, அதையே குடையாகப் பிடித்துக்கொண்டு அவன் அப்பா சாய் நெங் நின்றார். சாய் நெங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சில் ஒரு பன்றி கறுப்பா வெள்ளையா என்பதற்காக இரண்டு தரப்புத் தூதர்களையும் சாப்பிட விடாமல் இழுத்தடித்த மனுஷர் அவர். அவரோடு பேசி ஒரு காரியத்தை முடிப்பது பலாப்பிசினைக் கையிலிருந்து எடுக்கிற மாதிரி.

நாவோ சேர் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்.

"சம்பந்தி, என் வீட்ட எடுத்துக்கங்க."

"என்னது?"

"வீடு. என் வீடு. இனிமே மோவா வீடு."

"சம்பந்தி, குடிச்சிருக்கீங்களா?"

"இன்னும் இல்ல. நீங்க சரின்னு சொன்னாத்தான் குடிக்கணும். யூவாவுக்கு வலி எடுத்துருச்சு. படகு வர நேரமாகும். என் சாமிய நான் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். ஒங்க சாமிய நீங்க அங்க கூப்புடுங்க."

சாய் நெங் கதவை மூடிவிட்டு மழையில் நின்றார். அவர் யோசிப்பது இந்தக் கரைக்கே தெரிந்தது. அவர் சாய் நெங் அல்லவா, யோசித்து முடித்ததும் கேட்டார்:

"கூரை ஒழுகுதா?"

"குளிக்கிற எடத்துக்கு மேல ஒரு ஓட்டை."

"அடைச்சுத் தருவீங்களா?"

"அப்பா" என்று கெர் தலையில் அடித்துக்கொண்டான். "அவ அங்க வலியில கெடக்குறா. நீங்க ஓட்டையப் பத்திப் பேசிக்கிட்டிருக்கீங்க."

"நீ சும்மா இருடா. ஒழுகுற வீட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சாமியக் கூப்புடுறது? சம்பந்தி, ஒண்ணு கேக்குறேன். நாளைக்குத் தண்ணி வடிஞ்சதும் வீட்டக் குடுங்கன்னு கேட்டா நான் என்ன பண்றது? சாமிய வா, போன்னு வெளையாட முடியாது."

இங்கேதான் நாவோ சேர் ஒரு கணம் தயங்கினார். அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. முகாமில் வளர்ந்து, ஹோபார்ட்டில் வாடகை வீடுகளில் இருந்து, அடுத்தவன் தோட்டத்தில் தார் சுமந்து, தோள்பட்டையில் காய்ப்புக் காய்த்து வாங்கிய வீடு அது. அவர் வம்சத்தில், யாருமே துரத்திவிட முடியாத முதல் வீடு. அரசாங்கப் பத்திரத்தில் அவர் பெயர் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். சாமிகளுக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது. சுவரில் சாமி உட்கார எந்தக் குலத்துத் தாள் ஒட்டியிருக்கிறதோ அந்தக் குலத்து வீடு. இவர் ஹோபார்ட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்து, வாசலுக்கு எதிர்ச்சுவரில், சேவல் இறகோடு ஒட்டிய தாள்.

பின்னால் வீட்டிலிருந்து யூவாவின் குரல் கேட்டது. வார்த்தை இல்லை, குரல் மட்டும்.

"கேக்க மாட்டேன்" என்று கத்தினார். "எப்பவும் கேக்க மாட்டேன்."

"அப்ப சரி. குடிங்க."

பேச்சு முடிந்தால் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் இரண்டு கிண்ணம் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு பேச்சில்லை. சாய் நெங் வண்டிக்குள் குனிந்து இரண்டு பீர் டப்பா எடுத்தார். நாவோ சேர் கையில் ஒன்றும் இல்லை. தொப்பியைக் கழற்றினார். அதன் விளிம்பில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

"சம்பந்தி, என்கிட்ட மழைதான் இருக்கு."

"பரவால்ல. எனக்குக் கெடைச்சது நல்லா இருக்கு."

ஓடைக்கு இரண்டு கரையிலும் நின்று இரண்டு பேரும் குடித்தார்கள். கெர் அக்கரைச் சேற்றில் மண்டியிட்டு, கல்யாணத்தன்று செய்ததுபோல, மாமனாரைப் பார்த்து நெற்றி தரையில் படக் கும்பிட்டான். எழுந்தபோது அவன் முகம் சேறாக இருந்தது. நாவோ சேர் திரும்பி வீட்டுக்கு ஓடினார்.

அடுத்து நடந்தது வீடு காலி செய்வது. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்கிற மாதிரிதான், அவசரமும் கூச்சலுமாக. நாவோ சேர் ஊதுபத்தி கொளுத்தி எதிர்ச்சுவருக்கு முன்னால் நின்றார். "பெரியவங்களே, கோவிச்சுக்காதீங்க. பேத்தியோ பேரனோ வர்றான். எடம் பத்தல. கொஞ்ச தூரம்தான், கால நனைக்காம நான் தூக்கிட்டுப் போறேன்" என்று சொல்லித் தாளை நகத்தால் மெல்ல உரித்தார். மழை படாமல் வாழைத்தாருக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். நடுத்தூண் சாமியைக் கூப்பிட்டார். படுக்கையறைச் சாமியைக் கூப்பிட்டார். வாசல் சாமியிடம் கடைசியாகக் கிளம்பும்படி சொன்னார்.

படியிறங்கப் போனவரை சியா பிடித்து நிறுத்தினாள்.

"அடுப்பு?"

"கேஸ் அடுப்புல எந்தச் சாமிடி இருக்கும்?"

"இத்தன வருஷமா அதுலதான சோறு பொங்குறேன்? சாமி இல்லாத அடுப்புச் சோத்தையா தின்னீங்க?"

திரும்பி வந்து கேஸ் அடுப்பின் முன் நின்று கும்பிட்டார். பழைய முகாமில் மண்ணடுப்பில் இருந்த சாமி இந்த நீலத்தீயில் எப்படிக் குடித்தனம் பண்ணியதோ, அது கிளம்பியதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்திலிருந்த சோற்றுக் கரண்டியையும் கூட எடுத்துக்கொண்டார்.

கீழே இறங்கி முற்றத்தில் கால் வைத்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் உறையும் ஒரு கரண்டியும் இருந்தன. அவர் வாழ்க்கையில் இத்தனை முறை இடம் மாறியிருக்கிறார், எல்லாம் பயந்து ஓடியது. யாரும் துரத்தாமல் தானாகக் கிளம்பியது இதுதான் முதல் தடவை. அவருக்கே ஆச்சரியமாக, நெஞ்சு லேசாக இருந்தது.

வீட்டில் இப்போது சாமி இல்லை. டெலிபோன் சிக்னல் தாழ்வாரத்து மூலையில் மட்டும்தான் கிடைக்கும். அங்கே ஒரு நாற்காலியில் போனை வைத்து, சத்தத்தைக் கூட்டி, வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள் சியா. அக்கரையிலிருந்து சாய் நெங்கின் குரல் கரகரவென்று வந்தது.

"கோழிய யாரு புடிக்கிறது? மோவா ஆள்தான் புடிக்கணும்."

"மோவா ஆள் இங்க நான் ஒருத்திதான் மாமா" என்றாள் யூவா உள்ளேயிருந்து.

"ஒருத்தி இல்லம்மா. ரெண்டு பேரு."

சியா மழையில் விரட்டிப் பிடித்த சேவலைக் கதவருகே கொண்டுபோய் மகள் கையில் கொடுத்தாள். யூவா அதன் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முடி கலைந்து, வேர்த்து ஒழுக, எதிர்ச்சுவரின் முன் கால்களை அகட்டி நின்றாள். சேவல் அவள் முகத்தைப் பார்த்துச் சத்தமில்லாமல் இருந்தது.

"மோவா வீட்டுப் பெரியவங்களே" என்று போனில் சாய் நெங் ஆரம்பித்தார். "வாங்க. இது ஒங்க வாசல். இது ஒங்க சுவரு. ஓடையில தண்ணி பெருகிக் கெடக்கு, மேல்பக்கமா சுத்தி வாங்க. சைனாவ விட்டு வந்த பெரியவங்களும் வாங்க, லாவோஸ்ல நின்னுபோன பெரியவங்களும் வாங்க..."

"மாமா, சுருக்கமாக் கூப்புடுங்க."

"சாமிய அவசரப்படுத்தக் கூடாதும்மா."

"நான் படுத்தல. ஒங்க பேரப்புள்ளதான் படுத்துது."

சாய் நெங் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பேச்சைச் சுருக்கினார். "வந்து ஒக்காருங்க. இவளக் காப்பாத்துங்க. இறக வைம்மா." யூவா சேவலின் கழுத்திலிருந்து இறகைப் பிடுங்கினாள். கொண்டையைக் கிள்ளி ரத்தத்தைத் தொட்டு, சியா ஒட்டிவைத்திருந்த புதுத்தாளில் ஒட்டினாள். ஒட்டியது. கீழே விழவில்லை. அடுத்த வலி வந்தபோது சேவலைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுவரையே பிடித்துக்கொண்டாள். சேவல் படியிறங்கி, முற்றத்தைத் தாண்டி, சாமிகளோடு தானும் கொட்டகைக்குக் குடிபோயிற்று.

சியா வெளியிலிருந்தே கேட்டாள். "உள்ள வரலாமா?"

"வாம்மா, சீக்கிரம்" என்றாள் மோவா வீட்டுக்காரி.

நாவோ சேர் தாளைக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார். ஊதுபத்தி நட்டார். அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு மேலே அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. கத்தியை எடுத்துத் தாரிலிருந்து சீப்புகளை வெட்ட ஆரம்பித்தார். வெட்டினார், தொட்டியில் போட்டார், வெட்டினார். வீட்டிலிருந்து நர்ஸம்மாவின் இங்கிலீஷும் சியாவின் அதட்டலும் மாறி மாறிக் கேட்டன. அக்கா முகத்துக்கு மேல் இலையைப் பிடித்த அதே கடுப்பு இப்போதும் கையில் ஏறியது. பயந்தார். புதிதாக ஒட்டிய தாளைப் பார்த்து, "எதுத்த வீட்டுக்காரங்களுக்கு ஒத்தாசையா இருங்க. நேத்துவரைக்கும் ஒங்க வீடுதான அது" என்றார்.

தொட்டியில் சீப்பு விழுகிற சத்தம், தகரத்தில் மழைச் சத்தம், இதற்கெல்லாம் நடுவில் ஒரு புதுச் சத்தம் வந்தது. நாவோ சேர் கத்தியைக் கீழே வைத்தார். இன்னொரு தடவை வந்தது. கோபமான, நல்ல கெட்டியான அழுகை.

சியா தாழ்வாரத்துக்கு வந்தாள். முன்கை வரைக்கும் ரத்தம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

நாவோ சேர் பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். முதல்தரப் பழம், அடியில் நசுங்குகிறது என்று தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. அழுதார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார். சேவல் பார்த்துக்கொண்டிருந்தது.

படகு பிற்பகலில்தான் வந்தது. நர்ஸம்மா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே காய்ந்த சேற்று முகத்தோடு கெர், அதற்கும் பின்னால் இரண்டு காலி பீர் டப்பாவோடு சாய் நெங். நர்ஸம்மா தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, "நான் வந்திருக்கவே வேண்டாம் போலிருக்கிறதே" என்று சொல்லிச் சியாவின் தோளைத் தட்டினாள். சியா அவளை உட்காரவைத்து, மூலிகைக் கோழிச்சாற்றில் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுத்தான் விட்டாள்.

நஞ்சுக்கொடிக்கு அவர்கள் பேச்சில் சட்டை என்று பெயர். மனுஷன் போட்டுக்கொண்டு வருகிற முதல் சட்டை. செத்த பிறகு உயிர் தான் வாழ்ந்த ஊர் ஒவ்வொன்றாகத் திரும்பி நடந்து, பிறந்த வீட்டுக்குப் போய், புதைத்து வைத்த அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டால்தான் முன்னோர்களிடம் போக முடியும். ஆண்பிள்ளை என்றால் நடுத்தூணின் அடியில் புதைக்க வேண்டும், பெண்பிள்ளை என்றால் பெற்றவர்களின் கட்டிலுக்கு அடியில்.

வீடு தூண்களின்மேல் நிற்பதால் கட்டிலுக்கு அடியில் என்றால் வீட்டுக்கே அடியில். புதைக்க வேண்டியவன் தகப்பன். கெர் பொதியைக் கையில் ஏந்திக்கொண்டு தவழ்ந்தான். உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டே வந்தான். வழி தெரிந்தவர் நாவோ சேர்தான். மண்வெட்டியோடு முன்னால் போனார். அங்கே மண் உலர்ந்து, புழுதியாக, சூடாக இருந்தது. இத்தனை மழைக்கும் ஒரு சொட்டு இறங்கவில்லை.

"மாமா" என்றான் கெர். "அப்பா சொல்றாரு, தண்ணி வடிஞ்சதும் வீட்டத் திருப்பிக் குடுத்துர்றேன்னு. சாமிகிட்ட அவரே சொல்லிக்கிறாராம். கூரை ஒழுகுறத அவரே அடைச்சுத் தர்றாராம்."

"ஒங்கப்பாவா சொன்னாரு?"

"ஆமா. அழுதுக்கிட்டே சொன்னாரு. வெளிய சொல்லாதீங்க."

நாவோ சேர் சிரித்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். அவருடைய சட்டை லாவோஸில் ஒரு நடுத்தூணின் அடியில் இருக்கிறது. அந்தத் தூண் எரிந்துபோயிற்று, அந்த வீடு எரிந்துபோயிற்று, அந்த ஊருக்கு இப்போது பெயர்கூட இல்லை. அவர் செத்தால் இங்கிருந்து ஹோபார்ட்டுக்கு, ஹோபார்ட்டிலிருந்து முகாமுக்கு, முகாமிலிருந்து ஆற்றைத் தாண்டி மலைக்கு, அப்புறம் காட்டுக்குள் எந்த மரத்தடி என்று தேடி அலைய வேண்டும். சியாவுக்கும் அப்படித்தான். யூவாவின் சட்டை முகாமில், தகரக் கொட்டாய் நின்ற இடத்தில் கிடக்கிறது. இப்போது அங்கே யாரோ மக்காச்சோளம் போட்டிருப்பார்கள்.

"திருப்பித் தர முடியாது மாப்ள" என்றார். "நீ இங்க இத வச்சப்புறம் எப்பிடித் தருவீங்க? எல்லாக் கெழவனும் கெழவியும் கடல் தாண்டிப் போயித் தேடணும். இந்தக் குட்டி மட்டும் எங்க சுத்தினாலும் நேரா வீட்டுக்கு வந்தாப் போதும், எடுத்து மாட்டிக்கலாம். அவ சட்டை இருக்குற வீடு அவ வீடு. எனக்குக் கொட்டகை போதும். வேலைக்குப் பக்கமா இருக்கு."

கெர் பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான், மறுபடியும் உத்தரத்தில் இடித்துக்கொண்டான்.

"கட்டில் எங்க வருதுன்னு பாக்கணும்" என்று சொல்லி நாவோ சேர் மண்வெட்டிக் காம்பால் மேலே பலகையைத் தட்டினார். டொக், டொக்.

ஒரு முழம் தள்ளி, உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். டொக், டொக். இவர் அந்த இடத்துக்கு நகர்ந்து மறுபடி தட்டினார். நேர் மேலிருந்து பதில் வந்தது. கூடவே பிள்ளை அழுதது. அங்கேயே தோண்டினார். கெர் வைத்தான். இரண்டு பேரும் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார்கள், மேலே தட்டித் தட்டி இறுக்கினார்கள்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. ஓடையில், பாலத்தோரக் கம்பத்தின் தலைக்குக் கீழே ஒரு விரல் அளவுக்குத் தண்ணீர் வடிந்த ஈரக்கோடு தெரிந்தது. சாய் நெங் குளியலறைக்கு மேலே கூரையில் ஏறி உட்கார்ந்திருந்தார்; ஓட்டையை நேரில் பார்க்காமலே பேச்சை முடித்துவிட்டேனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார்.

நாவோ சேர் தலை முதல் கால் வரை புழுதியோடு படியேறினார். வாசலில், பிள்ளை பெற்ற வீடு என்பதற்கு அடையாளமாக, சியா பச்சை இலைக்கொத்து கட்டியிருந்தாள். இத்தனை வருஷமாகத் தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்த அந்தக் கதவின் முன்னால் அந்நியனைப் போல நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வீட்டுக்காரங்க இருக்கீங்களா? தாவோ குலத்து ஆளு. கொட்டகையில குடியிருக்கேன். உள்ள வரலாமா?"

உள்ளே இரண்டு பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"செருப்பக் கழட்டிட்டு வாங்கப்பா" என்றாள் யூவா.